சிஸ்டரின் சைக்கிள்

போன பங்குனியில் யாழ்ப்பாணம் போனபோது சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வயதுபோன கன்னியர்கள் இருக்கிற மடம் அது. முற்றத்து மாமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரை போட்டு, யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. என்னைக் கண்டதும், "முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துத் தா பிள்ளை, பிறகு கதைப்பம்" என்றார்.

கோத்துக் கொடுத்தேன். "உங்களைப் பற்றி எழுதப்போறன் சிஸ்டர்" என்றேன்.

"எழுது. என்ர பேரைப் போட்டியெண்டால் காதைத் திருகுவன்."

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். என்றாலும் கை தன்பாட்டில் காதுக்குப் போனது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் சிஸ்டர்தான். வன்னியில் எங்களுக்கு அவர் எப்போதும் அப்படித்தான் இருந்தார். கூட இருந்த மற்ற இரண்டு பேரும் சிஸ்டர்தான். மூன்று பேரில் யாரைச் சொல்கிறோம் என்பது சொல்கிறவரின் முகத்தில் தெரியும்.

நாங்கள் உருத்திரபுரம். வயற்காரர்கள், பரம்பரைச் சைவர்கள். 1996 இல் கிளிநொச்சியை நோக்கி இராணுவத்தின் 'சத்ஜெய' நடவடிக்கை தொடங்கியபோது அக்கராயன் பக்கம் போய்க் காட்டோரத்தில் ஒரு கொட்டில் போட்டோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருசம் செல்லடிக்குச் செத்தவர்களை எண்ணியதுபோல மலேரியாவுக்குச் செத்தவர்களை யாராவது எண்ணினார்களோ தெரியாது. அம்மாவுக்கு மூன்றாம் தரம் காய்ச்சல் வந்து, நடுக்கத்தில் பாய் முழுக்க நகர்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்தச் சைக்கிள் எங்கள் படலையடியில் நின்றது. லுமாலா லேடீஸ் சைக்கிள். கரியரில் ரியூப் ரப்பரால் கட்டிய பிஸ்கற் ரின். வெள்ளை முக்காட்டுக்கு மேலே ஒரு பனையோலைத் தொப்பி.

அம்மா அந்த நிலையிலும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வேதக்காரர் பிள்ளை, கவனம், சேத்துப்போடுவினம்" என்று முணுமுணுத்தா. சிஸ்டருக்குக் கேட்டிருக்க வேண்டும். ரின்னைத் திறந்து குளோரோகுயின் குளிசையை எடுத்தபடி, "சேக்கிறதெண்டால் உயிரோட இருக்கிற ஆளைத்தானே அம்மா சேக்கலாம். முதல்ல இதை விழுங்குங்கோ" என்றார்.

அம்மா விழுங்கினா. சேரவில்லை. கடைசிவரை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த மனிசிதான். ஆனால் அடுத்த வருசம் குத்தகைக் காணியில் விளைந்த நெல்லில் புதிர் (புது நெல்லின் முதல் அரிசி) எடுத்தபோது, கோயிலுக்கு வைத்த கையோடு ஒரு சுண்டு அரிசி கன்னியர் வீட்டுக்கும் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் போனது.

கன்னியர் வீடு என்றால் மதில், மணிக்கூட்டுக் கோபுரம் என்று நினைக்க வேண்டாம். எங்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமான ஓலைக் கொட்டில், சாணம் மெழுகிய நிலம். ஒரு மூலையில் மாதா சுருவம், மறு மூலையில் கையால் சுற்றுகிற தையல் மெசின். பின்னேரங்களில் பத்துப் பதினைந்து பெட்டைகள் அங்கே கூடுவோம். பாடம், பிறகு தையல். மண்ணெண்ணெய் தங்க விலை விற்ற காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரியைத் தூக்கிக் கட்டி எரிக்கிற விளக்கு எங்கள் தலைமுறைக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தில் தையல் ஓடாது. ஆகவே இருட்டினால் கதை. சிஸ்டரின் சபை பிறந்த கதையை நான் அப்படித்தான் கேட்டேன், தவணை தவணையாக, இடையில் கிபிர் விமானம் வந்தால் பங்கருக்குள்.

போர்தோ என்பது பிரான்சின் தென்மேற்கில் உள்ள துறைமுகப் பட்டினம். "வைனுக்குப் பேர்போன ஊர். எங்கட சபை பிறந்தது சாராயக் கடைக்குப் பக்கத்தில எண்டு வையுங்கோவன்" என்று சிஸ்டர் தொடங்குவார். நிறுவியவரின் பெயர் பியேர் பியன்வெனு நோவாய். இந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வாய் நோகிற ஆளோ, எங்களைப் பார்த்து 'நீ நோவாய்' என்று சாபம் போடுகிற ஆளோ என்று ஒரு கிழமைக்குப் பகிடி ஓடியது.

அவர் பிறந்தது 1793 ஒக்ரோபர் 27. பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் நின்ற நேரம். அரசி மரி அந்துவானெத்தின் தலை விழுந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. புரட்சி அரசாங்கம் துறவற சபைகளைக் கலைத்து மடங்களைப் பறித்துவிட்டது. குருக்கள் பலர் ஒளிந்து திரிந்தார்கள். "அப்ப அவரும் பங்கருக்குள்ளயே பிறந்தவர் சிஸ்டர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார்.

இளவயதில் நோவாய் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆள். பிறகு மனம் திரும்பி, பாரிசில் சென் சுல்பிஸ் குருமடத்தில் படித்து, 1819 இல் குருவானார். போர்தோவில் பங்கு உதவிக் குருவாக இருந்தபோது, 1820 மே 28 அன்று மூன்று இளம் பெண்கள் அவருடைய வழிநடத்தலில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். திருக்குடும்ப கன்னியர் சபையின் தொடக்கம் அதுதான். (கேரளத்தில் மரியம் திரேசியா 1914 இல் நிறுவிய திருக்குடும்ப சபை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலருக்கும் குழப்பம்.)

அந்தக் காலத்தில் ஏன் இப்படிப் பெண்கள் சபைகள் பிரான்சில் காளான்போல முளைத்தன என்று பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. புரட்சிக்கு முன் பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்ததிலும் நோயாளிகளைப் பார்த்ததிலும் அநாதைகளை வளர்த்ததிலும் பெரும் பங்கு கன்னியர்களுடையது. அவர்களைக் கலைத்த அரசாங்கத்திடம் அந்த வேலைக்கு மாற்று ஆள் இருக்கவில்லை. போர்கள் முடிந்து பார்த்தால் ஊர் நிறைய அநாதைகளும் விதவைகளும். அந்த வெற்றிடத்துக்குள்தான் இந்தப் பெண்கள் வந்தார்கள். இன்னொரு விசயமும் உண்டு. அடைபட்ட மடத்துக்குள் இருந்து செபிக்கிற கன்னியரைத்தான் திருச்சபைச் சட்டம் முழுத் துறவிகளாக எண்ணியது. தெருவில் இறங்கி வேலைசெய்கிற சபைகளை உண்மையான துறவற சபைகள் என்று பாப்பரசர் 13ம் லியோ ஏற்று ஆவணம் வெளியிட்டது 1900 டிசம்பரில்தான். அக்கராயன் கிரவல் ரோட்டில் பிஸ்கற் ரின்னோடு போன சிஸ்டரை அதற்கு முந்தின சட்டம் பாதிக் கன்னியாஸ்திரி என்றுதான் சொல்லியிருக்கும்.

சபைக்காரர் எல்லாரும் சொல்கிற அற்புதம் ஒன்று உண்டு. 1822 பெப்ரவரி 3. போர்தோவில் அந்தச் சின்ன வீட்டுச் சிற்றாலயத்தில் நற்கருணை ஆசீர் நடக்கிறது. அன்று நோவாய் அடிகளார் வரமுடியாமல் வேறொரு குருவானவர் நடத்துகிறார். கதிர்ப்பாத்திரத்தில் அப்பம் இருக்க வேண்டிய இடத்தில் இயேசு தோன்றி, இருபது நிமிசத்துக்கு மேல் நின்று, கூடியிருந்தவர்களை ஆசீர்வதித்தார் என்பது அவர்களுடைய விசுவாசம். நான் சைவக்காரி. நம்புகிறேனா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் சிஸ்டர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். ஜாம் போத்தல் விளக்கில் அவருடைய முகம் பாதிதான் தெரியும். அப்போது எங்களில் ஒருத்திகூட அசையமாட்டோம். இருபது நிமிசம் என்பது எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியும். செல்லடி நேரத்தில் எண்ணியிருக்கிறோம்.

எனக்கு அற்புதத்தைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற பகுதி. நோவாய் ஒரே அச்சில் கன்னியர்களை வார்க்கவில்லை. தேவை ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு கிளை. லொரேத்தோ சகோதரிகளும் அமலோற்பவ சகோதரிகளும் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு. சூசையப்பர் சகோதரிகள் அநாதைப் பிள்ளைகளுக்கு. 'நம்பிக்கை' என்ற பெயரில் ஒரு கிளை, நோயாளியின் வீட்டுக்கே போய் இரவிரவாகக் கட்டிலடியில் இருந்து பார்ப்பவர்கள். மார்த்தா சகோதரிகள் சமையலும் வீட்டு வேலையும். கிராமத்துக்கு வேளாண் சகோதரிகள். இவர்கள் எல்லாருக்காகவும் மௌனத்தில் செபிக்க ஏகாந்த சகோதரிகள். துறவிகள் மட்டுமில்லை, கலியாணம் கட்டிய பொதுநிலையினரும் குருக்களும்கூட இந்தக் குடும்பத்தில் சேரலாம் என்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய யோசனை. எல்லாவற்றுக்கும் ஒரே விருதுவாக்கு, 'கடவுள் மட்டுமே'. பேர், புகழ், நன்றி ஒன்றும் எங்களுக்கு வேண்டாம் என்பதை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு இவர்கள் வந்த வழி அமலமரித் தியாகிகளால் திறந்தது. மார்செய் ஆயர் எஜேன் தெ மாசெனோ நிறுவிய அந்தக் குருக்கள் சபை 1847 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1858 இல் இரண்டு சபைகளும் குடும்ப உறவாகக் கைகோத்தன. யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த செமேரியா, பெண் பிள்ளைகளின் படிப்புக்குக் கன்னியர் வேண்டும் என்று கேட்டார். 1862 இல் வந்து இறங்கினார்கள். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஏழு வருசம் இருந்தது. நோவாய் அதைப் பார்க்கவில்லை. 1861 பெப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.

பிறகு நடந்தது யாழ்ப்பாணத்தவர் எல்லாருக்கும் தெரிந்த கதை. யாழ்ப்பாணத்தில் திருக்குடும்ப கன்னியர் மடம், இளவாலையில் கன்னியர் மடம். 'கொன்வென்ற்' என்ற சொல்லுக்கே யாழ்ப்பாணத் தமிழில் ஒரு தனி மணம் வந்தது. இங்கிலிஸ், பாட்டு, தையல், நிமிர்ந்த நடை. கலியாணப் பேச்சில் 'பொம்பிளை கொன்வென்ற்றில படிச்சவ' என்றால் அது ஒரு தகுதி. அந்தப் படிப்பு பல ஆயிரம் பெண்களின் வாழ்க்கையைத் திருப்பியது உண்மை. அதே நேரம் அது யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்றும் கேட்க வேண்டும். எங்கள் அம்மம்மா ஐந்தாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவ. அவவுக்குக் கொன்வென்ற் என்பது யாழ்ப்பாணத்தாரின் சங்கதி. வன்னிக்காரருக்குப் பள்ளிக்கூடம் என்பதே குளங்களையும் குடியேற்றத் திட்டங்களையும் பின்தொடர்ந்து பிந்தி வந்த பொருள்.

1960 இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கிறிஸ்தவ சபைகள் அதைப் பெரிய அடியாகத்தான் கண்டன. சில பெரிய பள்ளிக்கூடங்கள் கட்டணமும் வாங்க முடியாமல் தனியாரிடமே நின்றன, யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடமும் அதில் ஒன்று. மற்றவை போயின. இரண்டு வருசத்தில் வத்திக்கானில் பொதுச்சங்கம் கூடியது. 1965 இல் துறவிகளுக்கென வந்த ஏடு, உங்கள் நிறுவுநர் எதற்காகத் தொடங்கினாரோ அதைத் திரும்பிப் பாருங்கள் என்றது. பள்ளிக்கூடம் கையைவிட்டுப் போனதும் பழைய நோக்கத்தைத் தேடச் சொன்னதும் ஒரே காலத்தில் நடந்ததால்தான் சிஸ்டர் போன்றவர்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்பது என் கணக்கு. சபை வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. சிஸ்டரிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்" என்றார்.

போர்தோவில் ஏழு கிளைகளுக்குப் பங்கு போட்ட வேலையை அக்கராயனில் மூன்று பெண்கள் செய்தார்கள். சிஸ்டரின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பிச் செபம். வெளிச்சம் வரக் கொட்டிலுக்குப் பின்னால் மரவள்ளிக்கும் பயிற்றைக்கும் தண்ணி. கிணறு இல்லை, வாய்க்காலில் இருந்து வாளியால். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். அவர் அரசாங்க ஆசிரியை. அந்தச் சம்பளம் அவருடைய கைக்கு வராது, மூன்று பேருக்கும் பொதுப் பணம். அதற்குள்தான் எங்கள் குளிசையும் நூலும் கொப்பியும். மத்தியானம் தாய் தகப்பன் இல்லாத ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு. அந்தப் பிள்ளைகள் கொட்டிலின் ஒரு பக்கத்தில் இருந்தார்கள், அதை அநாதை இல்லம் என்று யாரும் சொன்னதில்லை. வெயில் தாழச் சைக்கிள். காய்ச்சல்காரர், பிள்ளைத்தாச்சிகள், கணவன் வராத வீடுகள். பின்னேரம் நாங்கள். இரவு யாராவது சேடம் இழுத்தால் திரும்பவும் சைக்கிள்.

எங்கள் பக்கத்துக் கொட்டில் அப்பு செத்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. மகன்மார் வெளிநாட்டில், மகள் யாழ்ப்பாணத்தில், பாதை மூடிக்கிடந்தது. சிஸ்டர் ஒன்பது மணிக்கு வந்து இருந்தார். வாயில் பஞ்சால் தண்ணி தொட்டு வைத்தார். அப்பு ஒருகட்டத்தில் தேவாரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தெரிந்த இரண்டைப் படித்தேன். மூன்றாவது வரவில்லை. சிஸ்டர் தனக்குத் தெரிந்த அடிகளைத் தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளைகளோடு இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாம். விடியப் பிரேதத்தைக் குளிப்பாட்டும்வரை போகவில்லை. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பின்னம் படிப்பித்தார், கொட்டாவிகூட விடாமல்.

தேவதை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் அடிப்பார். என் முதற் சட்டையின் தோள் மூட்டை ஒன்பது தரம் பிரிக்கவைத்தார். ஒன்பதாவது தரம் நான் துணியை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அடுத்த நாள் அது அப்படியே எறிந்த இடத்தில் கிடந்தது. மற்றப் பெட்டைகள் அதைச் சுற்றி இருந்து தைத்தார்கள். எடுத்துப் பத்தாவது தரம் தைத்தேன். இன்றைக்கு என் பிழைப்பு அந்தத் தோள் மூட்டில்தான் ஓடுகிறது.

கன்னியர்களுக்கு மாற்றம் வரும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டில் ஊரைத் தெரிவுசெய்கிற உரிமை இல்லை. சமாதான காலத்தில் சிஸ்டர் இரண்டு தரம் போய் வந்தார். மூன்றாவது தரம் அவர் வன்னிக்குத் திரும்பியது 2006 இல், ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர். பிறகு நடந்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். போருக்குப் பிள்ளைபிடி நடந்த மாதங்களில் சிஸ்டர் யாரோடு சண்டை பிடித்தார், யாரிடம் கெஞ்சினார், எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குள் இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அதில் நோகிற ஆட்கள் இன்னும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

2008 செப்ரெம்பர் 16. ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போன நாள். அதற்கு முதல் நாட்களில் சனம் அவர்களுடைய வாசலில் போய் நின்று 'போகாதேங்கோ' என்று கேட்டது. நானும் நின்றேன். வெள்ளை வாகனங்கள் வரிசையாகத் தெற்கே போனதைப் பார்த்துவிட்டு வந்து சிஸ்டரிடம், "நீங்களும் போகலாந்தானே?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன், எல்லார் மேலும் இருந்த கோபம். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமல், "எனக்கு ஆர் பிள்ளை லீவு தந்தது?" என்றார்.

குருக்களும் கன்னியர்களும் பல சபைகளில் இருந்து கொஞ்சப்பேர் அப்படி நின்றார்கள். கிளிநொச்சி விட்டு, விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, வலைஞர்மடம், கடைசியாக முள்ளிவாய்க்கால். சனம் நகர நகர மடமும் நகர்ந்தது. மடம் என்றால் ஒரு தறப்பாள், ஒரு பெரிய கஞ்சிப் பானை. தையல் மெசினை உடையார்கட்டில் புதைத்தார்கள். மாதா சுருவத்தை யாரோ ஒரு பிள்ளை துவாயில் சுற்றிக் கொண்டுபோனாள். சிஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். கரியரில் ஒருநாள் அரிசி இருக்கும், ஒருநாள் கால்போன பெடியன் இருப்பான். என் தகப்பனை மாத்தளன் கடற்கரை மணலில் தாட்டபோது மண்வெட்டி இல்லாமல் கஞ்சி அகப்பையால் கிண்டினோம். அந்த அகப்பை சிஸ்டருடையது. கழுவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பின்னேரம் அதே அகப்பையால் எனக்குக் கஞ்சி வார்த்தார். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தோம். மெனிக் பாம் முகாமில் ஆளுக்கொரு முட்கம்பி வலயம். சிஸ்டர் எங்கே என்று தெரியவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் பாஸ் எடுத்துக்கொண்டு இரண்டு இளம் கன்னியர்களோடு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தோளில் ஒரு யூரியாப் பை. எல்லாரும் மாவும் பருப்பும் தந்துகொண்டிருந்த காலம். இவர் பையைத் திறந்து பெண்களுக்கு உள்ளுடுப்பும் விலக்குத் துணியும் எடுத்துப் பங்கிட்டார். அளவு பார்த்துத் தந்தார், சந்தையில் நிற்பதுபோல, ஒரு வெட்கமும் இல்லாமல். ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் ஒரு பொம்பிளையாக உணர்ந்தேன்.

இப்போது ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். வன்னிப் போரில் திருச்சபை கொடுத்த விலையைச் சொல்லும்போது எல்லாரும் சில பெயர்களைச் சொல்வோம். 2008 ஏப்ரலில் கிளைமோரில் கொல்லப்பட்ட கருணாரட்ணம் அடிகளார். 2009 மே 18 அன்று வெளியே வருகிற வழியில் உயிர்விட்ட எங்கள் உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகளார். அதே நாளில் சரணடைந்து காணாமற்போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் 146,679 பேருக்குக் கணக்கு எங்கே என்று கேட்டார். சொல்ல வேண்டிய பெயர்கள்தான். ஆனால் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கன்னியின் பெயரைச் சொல்லச் சொன்னால் வன்னியில் எத்தனை பேருக்கு வரும்? 'சிஸ்டர்மாரும் இருந்தவை' என்ற ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். மாமரத்தடியில் சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். 'கடவுள் மட்டுமே' என்று நீங்கள் சொல்வது சரி, அதைச் சாட்டாக வைத்து மற்றவர்கள் உங்களை மறந்துவிடலாமா?

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "மறந்தால் என்ன, சட்டை போட்டிருக்குதுகள்தானே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் சொல்லாமல் விடச் சம்மதித்ததே எனக்குத் தோல்விதான்.

இன்றைக்கு வன்னியில் இளம் கன்னியர்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள். உளவளத்துணை படித்திருக்கிறார்கள். பாலர் பாடசாலை, பெண் பிள்ளைகளுக்கு விடுதி, தையல் வகுப்பு, நுண்கடன்காரர் கதவைத் தட்டுகிற வீடுகளில் போய் இருந்து கணக்குப் பார்ப்பது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டப் பந்தலிலும் சிலநாள் வெள்ளை முக்காட்டைக் கண்டிருக்கிறேன். பேச்சில்லை, பதாகை இல்லை, பாயில் ஒரு ஓரமாக இருப்பார்கள். ஆனால் புதிதாகச் சேருகிற பெட்டைகள் குறைவு. ஒரு வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒருத்தியைக் கொடுக்க மனம் வந்தது. போருக்குப் பிறகு மிஞ்சிய ஒன்றை யார் கொடுப்பார்கள்?

வெளிக்கிடும் நேரம், கேட்க நினைத்துப் பல வருசமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். "வட்டுவாகலில சைக்கிளை என்ன செய்தனீங்கள் சிஸ்டர்?"

தையலை மடியில் வைத்தார். அந்தப் பாலத்தடியில் ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

"மதிலோட சாத்திறமாதிரி ஒரு ரக்ரர்ப் பெட்டியில சாத்தி, பூட்டிப்போட்டு வந்தனான்."

"பூட்டினீங்களோ?"

"பின்ன? முன் ரயர் புதுசு. தேவிபுரத்தில ஒரு பெடியன் அரிசிக்கு மாத்தித் தந்தது. போட்டு ரெண்டு மாசம்கூட இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திறப்பு மட்டும் கிடக்கு. உள்ள அலுமாரிக்குள்ள."

உள்ளே மணி அடித்தது. பின்னேரச் செபத்துக்கு. கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். ஊசியைச் சட்டையின் கழுத்தில் குத்திவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கொக்கியையும் என் கையில் வைத்தார்.

"இதைத் தைச்சு வை. நான் வந்து பாப்பன்."